படத்தின் ஓரத்தில் ஒரு கை

எங்கள் கட்டடத்தின் மேல் மாடியில் குடியிருந்தவள் மருத்துவமனையின் எக்ஸ்ரே பகுதியில் உதவியாளராக இருந்தாள். அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பிடி’ என்பார்கள். செய்த வேலையே பெயராக நின்றுவிட்டது. குழந்தை துள்ளினால் பிடிக்க வேண்டும். புத்தி தடுமாறியவர்கள் மேசையிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தால் பிடிக்க வேண்டும். கால் முறிந்து வலியில் உருளுகிறவர்களின் காலைப் பிடிக்க வேண்டும். ஆள் ஆடினால் படம் கலங்கிவிடும், இன்னொரு தடவை எடுக்க வேண்டி வரும்.

முதலில் அவள் தரை துடைக்கத்தான் அந்த வேலையில் சேர்ந்தாள். ஒரு நாள் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிதாக அதன் அம்மா வீறிட்டாள். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்க் குழந்தையைப் பிடித்தாள். குழந்தை அடங்கியது. மறுநாளும் கூப்பிட்டார்கள். அதன்பிறகு அவள் துடைப்பத்தைத் தொடவில்லை.

வீட்டில் கணவனும் நாத்தனாரும். மகன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். கணவன் சாமான் ஏற்றும் வேன் ஓட்டினான். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள். நாத்தனார் வீட்டிலேயே துணி தைப்பாள், சிரிக்க மாட்டாள். "ஊரான் பிள்ளையெல்லாம் ஓடி ஓடிப் பிடிப்பா. வீட்டுல அடுப்புல இருக்கற பாத்திரத்தைப் பிடின்னா வர மாட்டா" என்று மாடிப்படியில் நின்று எனக்குக் கேட்கும்படி சொல்வாள்.

நான் வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவள். அதற்கென்று முறையாகப் பயிற்சி எடுத்தவள். அந்தச் சமயத்தில் என் பொறுப்பில் ஒரு பழைய கணக்கு வாத்தியார் இருந்தார். நினைவு சிதறிப்போனவர். குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பைப் படம் எடுக்கச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் மேல் மாடிக்காரியின் வேலையை நேரில் பார்த்தேன்.

எக்ஸ்ரே அறையில் படம் எடுப்பவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நாள் முழுக்க "மூச்சை அடக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு மூச்சு சார் என்று பெயர் விழுந்திருந்தது. ஒல்லியானவர், பயந்த சுபாவம். என்னையும் தடுப்புக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

வாத்தியார் படுக்க மறுத்தார். மூச்சு சாரைப் பார்த்து, "நீ எந்த வகுப்பு? வெளியில போய் நில்லு" என்று அதட்டினார்.

"பிடி" என்றார் மூச்சு சார்.

அவள் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு வந்தாள். வாத்தியாரின் காதருகே குனிந்து, "சார், வீட்டுப்பாடம் கொண்டுவந்திருக்கேன். படுத்துக்கிட்டே திருத்துங்க" என்றாள். வாத்தியார் படுத்தார். அவள் ஒரு கையை அவர் தொடையிலும் இன்னொரு கையை இடுப்பின் ஓரத்திலும் வைத்தாள். அழுத்தவில்லை, சும்மா வைத்தாள். அவர் அசையவில்லை. மூச்சை அடக்கச் சொன்னதும் அவரோடு அவளும் அடக்கினாள். ஒரே தடவையில் முடிந்தது.

அறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நோயாளியைப் பிடிக்க வேண்டி வந்தால் கூட வந்தவர் பிடிக்கட்டும், தினமும் கதிர் அறையில் நிற்கும் ஊழியர் பிடிக்கக் கூடாது. அதற்குக் கீழே கொக்கியில் ஈயக் கையுறைகள் தொங்கின. அவற்றின் மேல் தூசி படிந்திருந்தது.

"கூட வந்தவ நான் இருக்கேனே, என்னைப் பிடிக்கச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க பிடிச்சா அவர் ஆடுவார்க்கா. அப்புறம் திரும்ப எடுக்கணும். பாவம் இல்லையா?"

"கையுறையாவது போட்டுக்கோயேன்."

"அதைப் போட்டுக்கிட்டுக் குழந்தையைத் தொட்டா, மரக்கட்டையால அமுக்கற மாதிரி இருக்கும். இன்னும் அழும்." ஏப்ரனை விலக்கி நெஞ்சில் குத்தியிருந்த சின்னப் பிளாஸ்டிக் பேட்ஜைக் காட்டினாள். "கதிர் பட்டா இது காட்டிக் குடுத்துடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பிப் பார்ப்பாங்க. எனக்கு எப்பவும் ஒண்ணும் இல்லன்னுதான் வரும்."

அதைப் பரிசு வாங்கியவள் மாதிரி சொன்னாள்.

மூச்சு சார் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். வாத்தியாரின் இடுப்பெலும்பு. அதன் ஓரத்தில் வேறு எலும்புகள், நீளமாக, விரல் விரலாக.

"இது யாரோடது?" என்று கேட்டேன்.

"நம்ம பிடியோடதுதான். போட்டோவுல எட்டிப் பார்க்கற பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி எல்லாப் படத்துலயும் வந்து நிப்பா." அவர் மவுஸை நகர்த்தினார். ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை வந்து விரல்களை மூடியது. "டாக்டருங்க கேள்வி கேப்பாங்க. அதான் இப்படி மறைச்சு அனுப்பிடுவேன்."

"அழிச்சுட்டீங்களா?"

"அழியாது. கறுப்பை விலக்கினா அப்படியே இருக்கும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்து பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார், கிளம்பினோம்.

பிறகு மருத்துவமனையில் விரலை வைத்து வருகை பதியும் இயந்திரம் வந்தது. அவள் விரலை அது ஏற்கவே இல்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், எதை வைத்தாலும் சிவப்பு விளக்கு. கடைசியில் இடது சுண்டு விரலுக்குத்தான் இரக்கம் காட்டியது. கணவனுக்கு அது போதும். "என் பொண்டாட்டி கையில ரேகையே இல்ல. எங்க வேணும்னாலும் திருடலாம், போலீஸ் தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று வேனை நிறுத்தி நிறுத்தி எல்லோரிடமும் சொன்னான். அவளும் சிரித்தாள். சோப்பு, தண்ணீர், வேலை செய்து தேய்ந்த கை என்றாள். நாத்தனார் மட்டும், "இந்த வீட்டுல தண்ணியில கிடக்கறது என் கை. எனக்கு ரேகை இருக்கே" என்றாள். அவள் சண்டைக்காகச் சொன்னதுதான். ஆனாலும் அந்த வீட்டில் அப்போது யோசித்துப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

அதற்கடுத்து வலது ஆள்காட்டி விரலின் நகத்தோரம் பாலுண்ணி போல ஒன்று வந்தது. நகவெட்டியால் சீவிக்கொண்டாள். திரும்ப வந்தது. அப்புறம் அது புண்ணாகி, மூடாமல் நின்றது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் பிளாஸ்திரி கேட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

கையை நீட்டச் சொல்லி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். புண்ணைவிட மற்ற இடங்கள்தான் எனக்குக் கவலை தந்தன. நகங்கள் நெடுக வரி வரியாகப் பிளந்திருந்தன. விரல் நுனித் தோல் காகிதம் போல மெல்லிதாகி மினுங்கியது. அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். படுக்கைப் புண், சர்க்கரைப் புண், தீப்புண் எல்லாம் கட்டிப் பழகியவள் நான். இது எந்த வகையிலும் சேரவில்லை.

"எத்தனை நாளா இருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான்க்கா."

"கொஞ்ச நாள் புண்ணு இப்படி இருக்காது. நாளைக்குத் தோல் டாக்டர்கிட்ட போறோம்."

"நாளைக்கு நிறைய குழந்தைங்க வருவாங்க."

"நீ இல்லன்னா குழந்தைங்களுக்கு எலும்பு இல்லாமப் போயிடாது. கிளம்பு."

தோல் டாக்டர் சதையில் ஒரு துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார். தோலில் புற்று. இன்னும் பரவவில்லை. விரலின் நுனியை எடுத்துவிட்டால் போதும். மற்ற விரல்களிலும் தோல் கெட்டிருக்கிறது, அவை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. "இனிமே இந்தக் கை கதிர்ல போகக் கூடாது. போச்சுன்னா ஒவ்வொரு விரலா எடுக்க வேண்டி வரும்" என்றார். அதோடு, இது வேலையால் வந்ததா என்று விசாரிக்கச் சொல்லி மருத்துவமனைக்கும் எழுதினார்.

ஆட்டோவில் திரும்பி வரும் வழியில் அவள் விரலைப் பற்றிப் பேசவில்லை.

"விசாரணைன்னா சாரைக் கூப்பிடுவாங்க இல்லக்கா?"

"கூப்பிடட்டும்."

"அவர்தான் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னாருன்னு தெரிஞ்சா அவர் வேலை போயிடும். சுவத்துலயே விதி ஒட்டியிருக்கே."

"விதி இருக்கறது அவருக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"நான் தள்ளி நின்னேன்னு சொல்லிடறேன்."

"சொல்லு. தள்ளி நின்னவளை எதுக்கு வேற இடத்துக்கு மாத்தணும்? தையல் பிரிச்சதும் அதே அறையில போய் நிப்பே. அவர் பிடின்னு கூப்பிடுவார், நீ கையை வைப்பே. அடுத்து எந்த விரல்னு நீயே சொல்லு."

வீட்டு வாசலில் இறங்கும்போது, "அவருக்கும் குடும்பம் இருக்கு" என்றாள்.

விசாரணைக்குத் துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். கணவனுக்கு அன்று வண்டி ஓட்டம் இருந்தது, நான் போனேன். விசாரித்தவள் கதிர் பாதுகாப்பு அதிகாரி. எல்லோருடைய பேட்ஜையும் வாங்கி அனுப்புவது அவள் பொறுப்பு, அதனால் பேட்ஜ் மேடம் என்று பெயர். வயதில் சின்னவள்தான். குரல் உயர்த்தாமல் கேட்பாள், பதில் வரும்வரை கண்ணை எடுக்க மாட்டாள். மேசையின் ஒரு பக்கம் பிடி, மறு பக்கம் மூச்சு சார். அவருக்கு முன்னால் கம்ப்யூட்டர்.

"படம் எடுக்கும்போது எங்க நிப்பீங்க?" என்று பிடியிடம் கேட்டாள்.

"தள்ளித்தான் மேடம்."

"கை?"

"கையும் என்கூடத் தள்ளித்தான் நிக்கும்."

பேட்ஜ் மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "உங்க பேட்ஜ்ல இத்தனை வருஷமா ஒண்ணுமே இல்ல. ஆனா டாக்டர் கதிரால வந்த மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கார். ரெண்டுல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும்." மூச்சு சார் பக்கம் திரும்பினாள். "குழந்தைங்களை யார் பிடிப்பாங்க?"

மூச்சு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா அப்பாதான் மேடம். ஏப்ரன் குடுப்போம், போட்டுக்கிட்டு அவங்களே பிடிச்சுக்குவாங்க."

"இவங்க?"

"இவங்க கதவு திறந்து விடுவாங்க. துணி மாத்தி விடுவாங்க. அவ்வளவுதான்."

பிடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கதவு திறந்து விட்டேனா சார்?"

அவர் மேசையைப் பார்த்தார்.

"அம்மாங்களா பிடிச்சாங்க? மூலையில திரும்பி நின்னுகிட்டு முந்தானையை வாயில வெச்சு அழுவாங்களே, அவங்களா?"

"நீதானே தள்ளி நின்னேன்னு..." என்றார் அவர் மெதுவாக.

"நான் தள்ளி நின்னேன்னு சொன்னேன். வேற யாரோ பிடிச்சாங்கன்னு சொன்னேனா?"

அது என்ன கணக்கு என்று எனக்கு உடனே புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. அவருக்காகப் பொய் சொல்ல அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். தன் வேலையை இன்னொருவர் கையில் தூக்கிக் கொடுப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

"மேடம், எழுதிக்கோங்க. இவர் எடுத்த படம் ஒண்ணுகூட ஆடினதில்ல. பெரிய டாக்டருங்க எல்லாம் இவரைப் பாராட்டியிருக்காங்க. ஏன் ஆடலன்னு கேளுங்க. பால் குடிக்கற குழந்தைல இருந்து நடக்க முடியாதவங்க வரைக்கும் நான் பிடிச்சேன். கதவு திறந்து விட்டவ பிடிக்க முடியுமா அப்படி?" மூச்சு சாரிடம், "அந்தக் கறுப்பை விலக்குங்க சார்" என்றாள்.

அவர் ஒரு படத்தைத் திறந்தார். குழந்தையின் மார்பு, கோழிக்குஞ்சின் எலும்பு போல. கறுப்புப் பட்டையை இழுத்தார். இரண்டு பக்கமும் பெரிய கை எலும்புகள், குழந்தையின் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. இன்னொன்றைத் திறந்தார். ஒரு முழங்கால், அதன் மேல் விரல்கள். அடுத்ததில் ஒரு மணிக்கட்டு. அதற்கடுத்ததிலும் விரல்கள். யாரும் போதும் என்று சொல்லாததால் திறந்துகொண்டே போனார்.

கடைசியில் பேட்ஜ் மேடம்தான், "போதும் சார்" என்றாள்.

"நான்தான் கூப்பிட்டேன் மேடம்" என்றார் அவர். "வெளியில வரிசை நிக்கும். அவ வந்தா ஒரே தடவைல முடிஞ்சுடும். பழகிப்போச்சு."

பேட்ஜ் மேடம் பிடியிடம் பேசினாள். "ஏப்ரன் உங்களுக்குக் குடை மாதிரி. அதுக்கு அடியில சட்டைல பேட்ஜ். சட்டை நனையலன்னு அது சரியாத்தான் சொல்லியிருக்கு. கை மட்டும் வெளியில மழையில இருந்திருக்கு. விரலுக்குன்னு மோதிரம் மாதிரி ஒரு பேட்ஜ் இருக்கு. இங்க யாரும் கையை வைக்கறதே இல்லன்னு எக்ஸ்ரே பகுதியில இருந்து எழுதிக் குடுத்ததால அதை நாங்க வாங்கவே இல்ல."

"ஒண்ணும் இல்லன்னுதானே எப்பவும் வந்தது" என்றாள் பிடி. அப்போதுதான் அவள் குரல் இறங்கியது. அதுவரை அவள் அந்தப் பேட்ஜை நம்பியிருந்தாள்.

வெளியே வந்ததும் நடைக்கூடத்தில் நின்றாள். "சாரை மாட்டிவிட்டுட்டேன் இல்லக்கா?"

"ஆமா. உன் கையைக் காப்பாத்திக்கிட்டே. ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். வா, பசிக்குது."

வேலையால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டார்கள். விரலை நடுக் கணுவரை எடுத்தார்கள். காயம் நன்றாக ஆறியது, கட்டு மாற்றியது நான்தான். கணவன் முதல் சில நாட்கள் பேச்சே இல்லாமல் இருந்தான். அப்புறம் ஒரு மாலை, "இனிமே என்னை விரல் நீட்டித் திட்ட முடியாது" என்றான். "இடது கை சும்மாத்தான் இருக்கு" என்றாள் அவள். அதன்பிறகு அந்த வீடு பழைய நிலைக்கு வந்தது. நாத்தனார் அவளுக்குச் சட்டைப் பித்தான்களை எடுத்துவிட்டுக் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதும் ஏதோ திட்டினாள்.

மூச்சு சாருக்கு எழுத்துமூலம் கண்டிப்பு வந்தது, வேலை தப்பியது. பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் வெயிலைப் பற்றிப் பேசினார், பேருந்து நெரிசலைப் பற்றிப் பேசினார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப யார் பிடிக்கறா?"

"கூட வர்றவங்கதான். கையுறையும் மாட்டி விடறோம். சின்னக் குழந்தைங்களை உக்கார வெச்சுக் கட்டற மாதிரி ஒரு நாற்காலி வந்திருக்கு."

"ஆடுதா?"

"ஆடுது. சில நாள் ரெண்டு தடவை எடுக்கறேன்."

"சொல்லாதீங்க" என்றாள். அவர் எழுந்து போனார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை இல்லை. இருந்தாலும் கறுப்பை விலக்கச் சொன்னபோது விலக்கினார். அதையும் சொல்ல வேண்டும்.

அவளைப் பதிவு செய்யும் இடத்தில் உட்கார வைத்தார்கள். பெயர், வயது, எந்த உறுப்பு என்று கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டி, சீட்டுக் கொடுக்கும் வேலை. எக்ஸ்ரே அறைக்கு நேர் எதிரே. அவளுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. "நாற்காலியில உக்காந்து வேலை செஞ்சு எனக்குப் பழக்கம் இல்லக்கா, முதுகு வலிக்குது" என்பாள். குழந்தைகளுக்கு எடுக்கிற சமயத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று பேட்ஜ் மேடம் கேட்டிருக்கிறாள். மாட்டேன் என்றுவிட்டாள். "அங்க போய் நின்னா உள்ள போயிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

வேறொருவரின் சோதனை முடிவை வாங்கப் போயிருந்தபோது நான் அவள் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன். ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு விடாத இருமல், மார்பைப் படம் எடுக்க வேண்டும். பதிந்து சீட்டு வாங்கியவள் நகரவில்லை.

"உள்ள யார் பிடிச்சுக்குவாங்க?"

"நீங்கதான்."

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க யாராவது..."

பிடி எழுந்து மேசையைச் சுற்றி வெளியே வந்தாள். குழந்தையைத் தன் கையில் வாங்கவில்லை. அந்தப் பெண்ணின் கைகளை எடுத்துக் குழந்தையின் மேல் வைத்தாள். "முழங்கைக்கு மேல பிடிங்க, மணிக்கட்டைப் பிடிச்சா உருவிக்கும். காலைக் கட்டற பட்டை தளர்ந்தா முழங்காலை உங்க முழங்கையால அணைச்சுக்கோங்க. அமுக்காதீங்க. கண்ணை மூடாதீங்க, அது உங்களைத்தான் பார்த்துட்டு இருக்கும். கையுறையைக் கழட்டணும்னு தோணும். கழட்டாதீங்க."

அந்தப் பெண் தலையாட்டினாள். உள்ளே போனாள். கதவு மூடியது. கதவுக்கு மேலே, படம் எடுக்கும்போது எரிகிற சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. பிடி அடுத்தவரின் சீட்டைத் தட்டாமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை வீறிட்டது. விளக்கு இன்னொரு தடவை எரிந்தது.

"முழங்காலை விட்டிருப்பா" என்றாள்.

நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.